மக்கள்தொகைக் கணக்கும் நம் மாலைப் பள்ளிகளும்: வருசநாட்டிலிருந்து ஒரு பார்வை

(அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவு – உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் கவிதையோ கதையோ பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் கணக்குப் பேச வந்திருக்கிறேன். அதற்கு இந்த நாள் பொருத்தமானது என்றே நினைக்கிறேன். பண்டிதர் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையைத் தொடங்கியது 1891-ல். அதே ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. கணக்கெடுப்பவர் வந்து கேட்டால், இந்து என்றோ இழிபெயர்களைச் சொல்லியோ பதியாதீர்கள், சாதிபேதமற்ற திராவிடர் என்று பதியுங்கள் என்று அவர் நம் மக்களிடம் சொன்னார். கர்னல் ஆல்காட் 1894-ல் சென்னை அடையாற்றில் பஞ்சமர் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அந்தப் பள்ளி முயற்சிகளிலும் பண்டிதருக்குத் தொடர்பு உண்டு. ஒரே பத்தாண்டில் ஒரு கையில் கணக்கேடு, மறு கையில் பள்ளிக்கூடம். அரசாங்கம் நம்மை எந்தப் பெயரில் எழுதுகிறது என்பதும் நம் பிள்ளை எந்த வாசலுக்குள் நுழைகிறது என்பதும் ஒட்டிப் பிறந்த கேள்விகள் என்று அவர் கண்டதாகவே நான் புரிந்துகொள்கிறேன். அந்த இரண்டு கேள்விகளையும் இன்று வருசநாட்டில் வைத்துப் பார்க்கப் போகிறேன்.

நாங்கள் செய்த தவறு

முதலில் என் தவறிலிருந்து தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், இந்தப் பள்ளத்தாக்கில் ஓர் ஊரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து மாலைப் பள்ளி நடத்தினோம். அந்த ஊரில் தலித் மக்கள் கணிசமாக இருக்கிறார்கள் என்று கணக்கேடு சொன்னது. இடம் பார்த்தோம். பெரிய தெருவின் நாடக மேடை வசதியாக இருந்தது. விளக்குப் போட்டோம், கரும்பலகை வாங்கினோம், அம்பேத்கர் படம் மாட்டினோம். பிள்ளைகள் வந்தார்கள். ஆனால் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த அருந்ததியர் குடியிருப்பிலிருந்து யாரும் வரவில்லை. ஒரு மாதம் பார்த்தோம், இரண்டு மாதம் பார்த்தோம். பிறகு நாங்களே ஒரு முடிவுக்கு வந்தோம்: “அவங்களுக்குப் படிப்புல அக்கறை இல்ல.”

நம்மைப் பற்றி ஊர் சொல்லிவந்த அதே வார்த்தையை, நாங்கள் இன்னொருவரைப் பார்த்துச் சொன்னோம்.

ஒருநாள் ஓடையைத் தாண்டிப் போனேன். வாசலில் இலவங்காய் உடைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம், “ஏன் அம்மாச்சி, புள்ளைகள அனுப்ப மாட்டேங்கிறீங்க?” என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: “அனுப்பலாம் தம்பி. அங்க வந்தா எங்க புள்ளைக எந்தப் பக்கம் ஒக்காரும்?”

எனக்குப் பதில் இல்லை. நாங்கள் வைத்திருந்த கணக்கில் ‘பட்டியல் சாதியினர்’ என்று ஒரே ஓர் எண் இருந்தது. அந்த எண்ணுக்குள் ஓர் ஓடை ஓடுவது எங்களுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், தெரிந்திருந்தும் கணக்கில் எடுக்கவில்லை.

ஓர் எண்ணைப் படிப்பது எப்படி

மாணவர்களுக்காகக் கொஞ்சம் பாடம் போல் சொல்கிறேன். 2011 கணக்கெடுப்பின்படி தேனி மாவட்ட மக்கள்தொகை 12,45,899. அதில் பட்டியல் சாதியினர் 20.72 விழுக்காடு, பழங்குடியினர் 0.15 விழுக்காடு. இணையத்தில் தேடினால் மாவட்டத்தின் எழுத்தறிவு 69.72 விழுக்காடு, நாட்டின் சராசரி 72.99 என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பார்கள். படித்தவுடன் நாட்டைவிட நாம் பின்தங்கியிருக்கிறோம் என்று தோன்றும். தவறு. எழுத்தறிவை 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடையேதான் கணக்கிட வேண்டும். நாட்டுக்கு அப்படிக் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் மாவட்டத்துக்கு, தொட்டிலில் கிடக்கும் குழந்தையையும் சேர்த்து வகுத்திருக்கிறார்கள். மாவட்டத்தில் 6 வயது வரையிலான குழந்தைகள் 1,19,661 பேர். அவர்களைக் கழித்துவிட்டு வகுத்துப் பாருங்கள், சுமார் 77 விழுக்காடு வரும். நாட்டின் சராசரியைவிட அது அதிகம், தமிழ்நாட்டின் 80.09 விழுக்காட்டைவிடக் குறைவு. உண்மை நிலை இதுதான். எந்த எண்ணைக் கண்டாலும் எதை எதனால் வகுத்தார்கள் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

தமிழ்நாட்டின் அந்த 80.09-ஐப் பிரித்தால், பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு 73.26, பழங்குடியினரின் எழுத்தறிவு 54.34. எழுத்தறிவு என்றால் பள்ளிப் படிப்பு என்றும் எண்ணிவிடாதீர்கள். ஏதாவது ஒரு மொழியில் புரிந்துகொண்டு படிக்கவும் எழுதவும் தெரிந்தால் போதும், அவர் எழுத்தறிந்தவர். எட்டாம் வகுப்பில் நின்றுபோன பெண்ணும் அந்தக் கணக்கில் எழுத்தறிந்தவர்தான். அவருடைய இழப்பு அங்கே தெரியாது.

கிராம அளவில் கிடைக்கும் சுருக்க அட்டவணையில் குடும்பங்கள், மக்கள்தொகை, குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிந்தோர், விவசாயிகள், விவசாயக் கூலிகள் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். மாவட்டக் கையேட்டில் அந்த ஊரில் எந்த வகைப் பள்ளி உண்டு, இல்லையென்றால் எத்தனை தூரம் என்பதும் இருக்கும். இவை பயனுள்ளவை. எந்த ஊருக்கு முதலில் போவது என்று இதை வைத்து முடிவு செய்யலாம். ஆனால் அந்த வரிசையில் பட்டியல் சாதியினர் ஒரு கட்டத்தில் இருப்பார்கள், எழுத்தறிந்தோர் இன்னொரு கட்டத்தில் இருப்பார்கள். பட்டியல் சாதியினரில் எழுத்தறிந்தோர் எத்தனை பேர் என்பதை அந்த வரிசை சொல்லாது. எந்தச் சாதியினர் எத்தனை பேர் என்ற விவரமோ மாவட்ட அளவோடு நின்றுவிடுகிறது. ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே எண்ணாக மாறுவது இப்படித்தான்.

பெயர்கள் சிதறிக் கிடக்கும் விதம்

2001 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் 76. ஆனால் அது 76 சமூகங்கள் என்று பொருள் அல்ல. எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922-ல் சென்னை அரசு ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயரை ஏற்றது. அது போராடிப் பெற்ற கௌரவம். அதன் பிறகு ஒரே குடும்பத்தில் அண்ணன் ஆதிதிராவிடர் என்றும் தம்பி பறையர் என்றும் சான்றிதழ் வைத்திருக்கும் நிலை வந்தது. கணக்கேட்டில் இரண்டும் இரண்டு வரிசை.

2001 கணக்கெடுப்பைப் பாருங்கள். மாநிலத்தில் ஆதிதிராவிடர் என்று பதிந்தவர்கள் சுமார் 54 லட்சம், பள்ளர் சுமார் 22.7 லட்சம், பறையர் சுமார் 18.6 லட்சம், சக்கிலியர் சுமார் 7.8 லட்சம், அருந்ததியர் சுமார் 7.7 லட்சம். கடைசி இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. சேர்த்துப் பார்த்தால் 13 விழுக்காடு. மாதாரி, பகடை, மாதிகா, தோட்டி, ஆதி ஆந்திரர் என்று பதிந்தவர்களையும் சேர்த்தால் இன்னும் கூடும். இந்தப் பெயர்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த பிறகுதான் கோரிக்கைக்குக் கால் முளைத்தது. நீதிபதி ஜனார்த்தனம் குழு 2008-ல் ஆராய்ந்தது. 2009-ல் 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உள்வகைப்பாடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. சிதறிக் கிடந்த எண்களைக் கூட்டியதால் கல்லூரி வாசல் திறந்த வரலாறு இது. அதேபோல் பள்ளர், குடும்பர், பண்ணாடி, காலாடி உள்ளிட்ட ஏழு பெயர்கள் 2021-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேவேந்திரகுல வேளாளர் என்று ஒன்றாயின. அடுத்த கணக்கில் அதுவும் வேறு விதமாகத் தெரியும்.

இந்த மலைக்குரிய மக்கள் பளியர்கள். 2011-ல் தேனி மாவட்டம் முழுவதும் பழங்குடியினர் 2,000 பேருக்கும் குறைவு. மாநிலப் பழங்குடிப் பட்டியலிலோ பல்லேயன், பல்லியன், பல்லியர் என்று மூன்று தனித்தனிப் பதிவுகள் இருக்கின்றன. காதில் விழுந்தபடி யாரோ எழுதிய மூன்று எழுத்துக்கூட்டல்கள் மூன்று பழங்குடிகளாக நிற்கின்றன. ஏற்கெனவே சிறிய எண்; அதையும் மூன்றாக உடைத்தால் எந்தத் திட்டத்தின் கண்ணிலும் படாது. அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பு தேறி மேலே சேரும்போது, சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அப்பன் கூலியை விட்டுவிட்டு எத்தனை நடை நடக்க வேண்டியிருக்கிறது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

கணக்கில் வராதவர்கள்

1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, பின்னர் சேர்க்கப்பட்ட சீக்கியம், பௌத்தம் ஆகிய மதங்களில் இருப்பவர்கள்தான் பட்டியல் சாதியினர். கம்பம் பள்ளத்தாக்கில் தேவாலயத்துக்குப் போகும் தலித் குடும்பங்கள் அந்த 20.72-க்குள் இல்லை. அவர்கள் அதே தெருவில், அதே கூலி வேலையில், அதே ஒதுக்குதலில் இருக்கிறார்கள். மாலைப் பள்ளிக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது பட்டியலை மட்டும் பார்த்தால் அவர்களை விட்டுவிடுவோம்.

அடுத்து மொழி. கணக்கெடுப்பு தாய்மொழியையும் கேட்கிறது. நம் மாவட்டத்தில் தெலுங்கு, கன்னடம் பேசுவோர் கணிசமாக இருக்கிறார்கள். ஆனால் தெலுங்கு என்ற கட்டத்துக்குள் நிலமுள்ள நாயக்கரும் இருக்கிறார், அவர் தோட்டத்தில் வேலை செய்யும் அருந்ததியரும் இருக்கிறார். கன்னடக் கட்டத்துக்குள் கம்பம் பகுதியின் ஒக்கலிகக் காப்பிலியரும் இருக்கிறார். மொழியைச் சாதியோடும் தொழிலோடும் சேர்த்துப் படிக்காவிட்டால் அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. சேர்த்துப் படித்தால் ஒரு முக்கியமான செய்தி கிடைக்கிறது: வீட்டில் தெலுங்கு பேசும் ஐந்து வயதுப் பிள்ளை முதல் வகுப்பில் தமிழ்ப் பாடத்தின் முன் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறது. அதை மந்தம் என்று எழுதிவிடுகிறோம். அந்தத் தெருவுக்கு, அந்த வீட்டு மொழி தெரிந்த ஓர் அக்காவை அனுப்பினால் போதும், பாதிச் சிக்கல் தீரும்.

மலையும் உட்கடையும்

வருசநாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கண்டமனூர் ஜமீன் நினைவுக்கு வரும். எழுதப்பட்ட கதைகளும் அதைச் சுற்றியே. மூலவைகை பிறக்கும் இந்த மலையில் கல் பொறுக்கிக் காடு திருத்தியவர்களின் கதை எழுதப்படவில்லை. கணக்கேட்டிலும் ஏறக்குறைய அதே நிலைதான். கணக்கெடுப்பின் அடிப்படை வருவாய்க் கிராமம். கடமலை–மயிலை ஒன்றியத்தில் ஒரு வருவாய்க் கிராமம் என்பது சாலையோரக் கடைவீதியிலிருந்து காட்டுக்குள் இருக்கும் கடைசிக் குடிசை வரை. தாய்க் கிராமத்துக்கு ஒரு வரிசை இருக்கும். உட்கடைகளுக்குத் தனி வரிசை இல்லை. தாய்க் கிராமத்தில் உயர்நிலைப் பள்ளி இருந்தால், ‘பள்ளி உண்டு’ என்று கையேடு சொல்லும். அரசரடி, பொம்மராஜபுரம், இந்திரா நகர் போன்ற மலைக் குடியிருப்புகளிலிருந்து ஜீப்பிலோ நடந்தோ இறங்கி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று அது சொல்லாது.

கணக்கெடுக்கும் காலமும் முக்கியம். ஆடியிலிருந்து தை, மாசி வரை ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நம் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கேரளாவுக்குப் போகிறார்கள். சில குடும்பங்கள் தோட்டத்து லயங்களிலேயே தங்கிவிடுகின்றன. பகலில் வரும் கணக்கெடுப்பாளர் பூட்டிய வீட்டைப் பார்ப்பார். தங்கிவிட்டவர்கள் இடுக்கி மாவட்டத்தின் கணக்கில் ஏறுவார்கள். பெற்றோர் தோட்டத்தில், பிள்ளை இங்கே பாட்டியிடம் என்றால், பள்ளியில் நின்றுபோகும் ஆபத்து மிகுந்த பிள்ளை அதுதான். அந்தக் குடும்பத்தின் பாதி இங்கும் பாதி அங்கும் எழுதப்படும்.

2027-க்கு முன் நாம் செய்ய வேண்டியது

1931-க்குப் பிறகு நாடு முழுவதும் எல்லாச் சாதிகளையும் எண்ணும் கணக்கெடுப்பு நடந்து முழு விவரம் வெளிவந்ததில்லை. 1951-ல் சாதி அட்டவணைகள் கைவிடப்பட்டதை அண்ணல் அம்பேத்கர் 1955-லேயே கடுமையாகக் கண்டித்தார். 2011-ல் சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கெடுப்பு நடந்தும் சாதி எண்கள் வெளியிடப்படவில்லை. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. இப்போது சாதிவாரிக் கேள்வியோடு, 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அது வரும்வரை கைகட்டி இருக்க வேண்டாம். நான்கு வேலைகளைச் சொல்கிறேன்.

ஒன்று, பெயர். ஒவ்வொரு தெருவிலும் உட்கார்ந்து, எந்தப் பெயரில் பதிவது என்று மக்களே பேசி முடிவெடுக்கட்டும். நாம் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பட்டியலில் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன, சான்றிதழில் இருப்பது எது, பிரிந்து பதிந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் விளக்குவோம். வீட்டு மொழி தெலுங்கு என்றால் வெட்கப்படாமல் தெலுங்கு என்றே சொல்லச் சொல்லுவோம்.

இரண்டு, இடம். தமிழக அரசு ‘காலனி’ என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தது. வரவேற்கிறோம். அந்தச் சொல் போகட்டும். ஆனால் அந்தத் தெரு கணக்கிலிருந்து போய்விடக் கூடாது. ஒவ்வோர் ஊராட்சியிலும் உட்கடைகள், மலைக் குடியிருப்புகள் அத்தனையையும் நாமே கையால் வரைபடமாக வரைந்து, கணக்கெடுப்பாளரிடம் காட்டுவோம். பெரும்பாலும் அவர் நம் ஊர்ப் பள்ளி ஆசிரியராகத்தான் இருப்பார். உதவியாகவே எடுத்துக்கொள்வார்.

மூன்று, பயம். மேகமலைப் பகுதி 2021-ல் புலிகள் காப்பகமான பிறகு, பெயர் கொடுத்தால் வெளியேற்றிவிடுவார்களோ என்ற அச்சம் மலைக் குடியிருப்புகளில் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிநபர் விவரங்கள் ரகசியமானவை. அவற்றை யாரும் வாங்கிப் பார்க்க முடியாது, வழக்கில் சான்றாகவும் வைக்க முடியாது. இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும். ஒளிந்துகொண்டால் நிலமும் கிடைக்காது, பள்ளியும் கிடைக்காது.

நான்கு, நம் சொந்தப் பதிவேடு. கணக்கேடு ஊரைக் காட்டும், பிள்ளையைக் காட்டாது. பள்ளி ஆசிரியர்கள் ஆண்டுதோறும் எடுக்கும் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் அவர்களோடு சேர்ந்து நடப்போம். தெருவாரியாக மூன்றே கேள்விகள் போதும்: இந்த வீட்டில் பள்ளிக்குப் போகாத பிள்ளை உண்டா, வீட்டில் என்ன மொழி, பெற்றோர் எந்த மாதங்களில் ஊரில் இருக்க மாட்டார்கள். சாதிப் பெயர் போட்ட பட்டியலை யார் கையிலும் சிக்கும்படி வைக்காதீர்கள். உதவிக்காக எடுத்த விவரம் ஒரு பிள்ளைக்குக்கூட அவமானமாகத் திரும்பி வரக் கூடாது.

முடிக்கும் முன்

உள்ளே இருக்கும் வேறுபாடுகளைப் பேசினால் ஒற்றுமை குலையும் என்று சில தோழர்கள் சொல்வார்கள். அவர்களின் கவலையை மதிக்கிறேன். நம்மைப் பிரித்தாள நினைப்பவர்கள் உண்டு, அவர்களும் இதே எண்களைத்தான் கையில் எடுப்பார்கள். ஆனால் அந்தப் பாட்டி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுப்பும் ஒற்றுமை பெரிய தெருவின் ஒற்றுமையாகத்தான் இருக்கும். எண்ணிக்கையில் குறைந்தவர், கடைசியில் குடியிருப்பவர், பெயரே மூன்றாக உடைந்து கிடப்பவர், கணக்கில் சேர்க்கப்படாதவர் ஆகியோரிடமிருந்து தொடங்கினால் மற்றவர்கள் தாமாக வந்து சேர்வார்கள்.

எங்கள் மாலைப் பள்ளியின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். மேடையைக் காலி செய்தோம். ஓடைக்கு அந்தப் பக்கம், பாட்டியின் வீட்டுக்கு அடுத்திருந்த புளிய மரத்தடிக்குக் கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு போனோம். அந்தத் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த ஒரு பெண் பாடம் சொல்லிக்கொடுக்க முன்வந்தார். பெரிய தெருவில் முணுமுணுப்பு எழுந்தது, சில பெற்றோர் பிள்ளைகளை நிறுத்தினார்கள். அந்த வீடுகளுக்கு ஒவ்வொரு சாயங்காலமும் போய்ப் பேசினோம். சிலர் மனம் மாறினார்கள், சிலர் மாறவே இல்லை. மாறிய வீட்டுப் பிள்ளைகள் ஓடையைத் தாண்டி வந்தார்கள். மரத்தடியில் எந்தப் பக்கம் என்று யாரும் பிரிக்கவில்லை. முதலில் வந்தவர் நிழலில் உட்கார்ந்தார்.

2027 பிப்ரவரியில் கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும்போது, பண்டிதர் 1891-ல் செய்ததை நாம் நம் காலத்துக்கு ஏற்றபடி செய்திருக்க வேண்டும். அதற்கு இன்னும் சில மாதங்கள்தான் இருக்கின்றன. இங்கே வந்திருக்கும் மாணவர்கள் இன்று மாலையே தங்கள் ஊரின் உட்கடைகளை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். விட்டுப்போன தெரு எது என்று உங்கள் அப்பத்தாவிடம் கேளுங்கள். நாளைக் காலை அந்தத் தெருவுக்குப் போங்கள்.